லிட்டருக்கு இருபத்தாறு

கார் வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பார், அடுத்து மைலேஜைக் கேட்பார். விற்பனைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது அந்தப் பதிலால் என் கண் முன்னால் நடந்த ஒரு காரியம். நல்லபடியாக முடிந்த காரியம் அல்ல. ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் டெலிபோன் எடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் கடைக்கு வரும் பெண்கள் வீட்டுக்காரரோடு வந்து சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள். பேச்செல்லாம் ஆண்களுக்குள்தான். விற்பனைப் பொறுப்பில் இருந்த அண்ணாச்சி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, அந்த நாற்காலிக்காரங்ககிட்ட நீ போய்ப் பேசு. வண்டி எதுக்குன்னு அவியளுக்குத்தான் தெரியும்" என்றார். அப்படித்தான் நான் விற்பனைக்கு வந்தேன்.

அண்ணாச்சியின் பெயர் வேண்டாம். அதற்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கம் நெல் விவசாயிகளுக்கு டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தவர். கோபக்காரர். வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தமாட்டார், எங்களிடம் உயர்த்துவார். கடனுக்கு வண்டி எடுத்து, தவணை கட்ட முடியாமல் வயலை விற்ற ஆட்களைப் பார்த்திருந்ததாலோ என்னவோ, வாங்க முடியாதவரை வாங்கவைக்கிற சாமர்த்தியத்தின்மேல் அவருக்கு ஒரு வெறுப்பு இருந்தது. முதலாளிக்கும் அவருக்கும் அதனால் உரசல் வருவதுண்டு.

ஆவுடையப்பன் என்று ஒரு வாடிக்கையாளர். பாபநாசத்துக்கு மேலே மலையில் இருந்த அணைக்கட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் போய்வருவார். எங்களிடம் சின்ன பெட்ரோல் கார் ஒன்று வாங்கினார். முதல் சர்வீசுக்கு வந்தபோது, லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் கிடைக்கிறது என்றார். மலை ஏறி இறங்குகிற வண்டிக்கு இருபத்தாறு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, 'மலை ரோட்டிலேயே லிட்டருக்கு 26' என்று பெரிய எழுத்தில் போர்டு எழுதி வாசலில் மாட்டினார். சந்தேகப்படுகிறவர்களிடம் ஆவுடையப்பனின் அலுவலக டெலிபோன் நம்பரைக் கொடுத்தார்.

ஆவுடையப்பனுக்கும் அது பிடித்திருந்தது. அலுவலகத்தில் யாரும் அவரைப் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. இப்போது தென்காசியிலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் ஆட்கள் போன் போட்டு, "சார், ஒங்க வண்டி எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டார்கள். கடைக்கு வந்தால் அவருக்குக் காப்பி, முந்திரிப்பருப்பு. நல்ல மனுஷன்தான். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை.

அப்படியிருக்கையில்தான் கணபதியும் காந்திமதியும் வந்தார்கள். கணபதி அதே மலை அலுவலகத்தில் இளம் பொறியாளர். காந்திமதி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இரண்டு வருடம். கணபதி அண்ணாச்சியிடம் உட்கார்ந்தார், நான் காந்திமதியிடம் போனேன்.

"இவியளுக்கு மலையில குவார்ட்டர்ஸ் இருக்கு" என்றார் காந்திமதி. "சனி ஞாயிறு மட்டுந்தான் வீட்டுக்கு வாராவ. போன வருஷம் எனக்குக் கலைஞ்சு போச்சு. அன்னைக்கு மேல சேதி போயி, இவிய வந்து சேரதுக்கு மறுநா ஆயிட்டு. அதுக்குப் பெறகு இனிமே தனியா விடமாட்டேன்னு சொல்லிட்டாவ."

வேறு வழிகளையும் அவர்கள் யோசித்துப் பார்த்திருந்தார்கள். மலையிலிருந்து இறங்குகிற கடைசி பஸ் அலுவலகம் முடிவதற்கு முன்பே போய்விடும். மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று கணபதியின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீசல் இன்ஜின் மாற்றிய பழைய பெரிய கார் ஒன்று மலிவாக வந்ததாம். ஓட்டுகிற செலவு குறைவு, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் வண்டி. கடைசியில் எங்கள் சின்ன பெட்ரோல் காரில் வந்து நின்றார்கள்.

அண்ணாச்சி அவரிடம் நேராகவே சொன்னார். "மலைக்குப் போயிட்டு வார வண்டி, பதினேழுக்கு மேல குடுக்காது. பதினேழுன்னே வச்சுக் கணக்குப் போடும். மாசத் தவணையும் பெட்ரோலும் போக வீட்டுக்கு என்ன மிஞ்சுதுன்னு பாத்துக்கிடும். கட்டுப்படியாச்சுன்னா வாங்கும். இல்லைன்னா வேண்டாம்."

கணபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார். இருவரும் எழுந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"எந்த ஆபீஸ் தம்பி? அணையா? ஒங்க ஆவுடையப்பன் சார் நம்ம வண்டிதானே வச்சிருக்காரு. அவருட்ட கேட்டுப் பாருங்க" என்று போர்டைக் காட்டினார்.

அடுத்த வாரமே கணபதி முன்பணத்தோடு வந்தார். பதினேழில் கட்டாத கணக்கு இருபத்தாறில் கட்டிவிட்டது. அண்ணாச்சி அவரிடம் மறுபடி ஒருமுறை, "நான் சொன்னதையும் மனசுல வச்சுக்கிடும்" என்றார். கணபதி சிரித்தார். "அவரு தெனமும் என் கண்ணு முன்னாலதான் போயிட்டு வாராரு அண்ணாச்சி."

வண்டி கொடுத்த அன்று காந்திமதி பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். பின் சீட்டில் உட்காரப் போனவரை கணபதி கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார்.

நாலைந்து மாதம் கழித்து ஆவுடையப்பன் ஒரு புகாரோடு வந்தார். மலை இறங்கும்போது பிரேக் சிலசமயம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். ஒர்க்‌ஷாப்பில் பார்த்தார்கள், குறை எதுவும் இல்லை. மறுபடி வந்தார், மறுபடியும் இல்லை. "அந்த ரோட்டுலயே பாத்திருவோம்" என்று அண்ணாச்சி அவரோடு கிளம்பினார். விக்கிரமசிங்கபுரத்தில் கார் வாங்க விசாரித்திருந்த ஒரு டாக்டரம்மாவை நான் பார்க்க வேண்டியிருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அவரைப் பார்த்து முடித்துவிட்டு மூவரும் மலைக்கு ஏறினோம். மேலே போய்த் திரும்பி இறங்க ஆரம்பித்தோம். நான் பின் சீட்டில் இருந்தேன்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் வண்டிக்குள் எல்லாச் சத்தமும் அடங்கியது. காற்றும் டயர் உருள்கிற ஓசையும் மட்டும் கேட்டன. எனக்கு முதலில் காது அடைத்துக்கொண்டதாகத்தான் தோன்றியது.

"என்ன சார், இன்ஜின் நின்னுட்டா?" என்றார் அண்ணாச்சி.

"நிக்கல வே. நாந்தான் நிப்பாட்டினேன்" என்றார் ஆவுடையப்பன். "கீழ வரைக்கும் சும்மாதான உருளுது. அதுக்கு எதுக்குப் பெட்ரோலு? ஏறதுக்கு மட்டும் செலவு. எறக்கம் முழுக்க ஓசி."

அண்ணாச்சி ரொம்ப அமைதியான குரலில், "சார், பிரேக்க மிதிக்காதீங்க. பைய சாவியப் போடுங்க. ரெண்டாம் கியர்ல விடுங்க. ஆங், அப்படித்தான். இப்ப அந்த ஓரமா நிப்பாட்டுங்க" என்றார். வண்டி நின்றது. அவர் இறங்கி, ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.  

உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு எனக்குத் தெரியாது: இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு அதன் உதவி கிடைக்கும். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்கு அது தாங்கும், அதற்குப் பிறகு பெடல் இறுகிவிடும். சாவியைத் தவறி முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். ஆவுடையப்பன் சொன்ன கல்லு பிரேக் இதுதான். அண்ணாச்சி அதை அவருக்கு விளக்கிவிட்டுக் கேட்டார்: "இத வேற யாருக்காவது சொன்னீங்களா சார்?"

"கேக்குதவுகளுக்கெல்லாம் சொல்லுதேன். நம்ம கணபதிக்கு நானே கூட உக்காந்து காமிச்சுக் குடுத்தேன்."

கடைக்கு வந்ததும் அண்ணாச்சி நேராக முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"அந்தப் போர்டக் கழட்டணும். அந்த ஆளச் சொல்லி வித்த வண்டிக்காரங்க எல்லாருக்கும் வெவரம் சொல்லணும்."

"நாமளா அணைச்சுட்டு ஓட்டச் சொன்னோம்? அவரு எப்படி ஓட்டுதாருன்னு நமக்கு என்னய்யா தெரியும்?"

"நேத்து வரைக்கும் தெரியாது. இன்னைக்குத் தெரியும்லா."

 போர்டு அப்படியே இருந்தது. அண்ணாச்சி தன் சொந்த நேரத்தில் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர், வண்டியில் குறையை வைத்துக்கொண்டு நம்மேல் பழி போடுகிறான் என்று நினைத்தார்கள். கணபதியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். காந்திமதி மறுபடி கர்ப்பமாக இருந்தார்.

அண்ணாச்சி சொன்னதையெல்லாம் கணபதி தலைகுனிந்து கேட்டார். பிறகு, "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. ஆனா அப்படி ஓட்டலைன்னா இந்த வண்டி எனக்குக் கட்டுப்படியாகாது" என்றார்.

 பதினேழில் கட்டாது என்று அன்றைக்கு அவரே கணக்குப் போட்டு எழுந்தவர்தானே. அண்ணாச்சி, "வண்டிய வித்திரும். நான் ஆள் பாத்துத் தாரேன். நட்டமில்லாமப் பாத்துத் தாரேன்" என்றார்.

"பிள்ளை பொறக்கட்டும் அண்ணாச்சி. அது வரைக்கும் நான் தெனமும் வந்தாகணும். அதுக்குப் பெறகு வித்திருதேன். பாத்துத்தான் ஓட்டுவேன், நீங்க பயப்படாதீங்க."

காந்திமதி காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி முதலாளியிடம் மறுபடி போனார். வண்டியை நாமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அல்லது தவணையைக் குறைக்கக் கடன் கொடுத்தவர்களிடம் பேசலாம் என்றார். முதலாளி, "ஒமக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. கீழிருந்து ஏறிவந்த ஜீப்புக்காரர் சொன்னதை அண்ணாச்சி என்னிடம் சொன்னார். வளைவில் கார் சத்தமே இல்லாமல் வந்ததாம். உள்ளே இருந்தவர் இரண்டு காலாலும் பெடலை மிதிப்பது தெரிந்ததாம். ஜீப்பில் மோதாமல் ஒடித்தார், கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு வண்டி கீழே போனது. கயிறு கட்டி மேலே கொண்டுவந்தபோது கணபதிக்கு உயிர் இல்லை. அண்ணாச்சி அந்த இடத்துக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். சாவி அணைத்த நிலையில் இருந்தது.

மறுநாள் முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். யாரும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது, யார் கேட்டாலும் எதுவும் பேசக் கூடாது என்றார். பத்திரிகைக்காரர் ஒருவர் ஏற்கெனவே கடைக்கு வந்துபோயிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அண்ணாச்சி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "நீ வரண்டாம். ஒனக்கு வேலை முக்கியம்" என்றார். நான் போனேன்.

கணபதியின் அப்பா வீடு பத்தமடையில். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள், பாயில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஆவுடையப்பன் இருந்தார். அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் யாரென்று தெரிந்ததும் எழுந்து வந்தார். உள்ளே பெண்கள் பேசுவது வெளியே நன்றாகக் கேட்டது. இவள் வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போயிருந்தால் பையன் குவார்ட்டர்ஸில் இருந்திருப்பான், இவளுக்காகத்தானே தினமும் ஓடினான் என்று ஒரு குரல். அதை யாரும் மறுக்கவில்லை.

"ஒம்ம வண்டியில என்ன கோளாறு?" என்று கேட்டார் அப்பா. "உண்மையச் சொல்லும்."

அண்ணாச்சிக்கு முன்னால் பல வழிகள் இருந்தன. கோளாறு என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பான். ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் எங்கள் வேலை தப்பியிருக்கும். அவர் சொன்னார்:

"வண்டியில கோளாறு இல்லைங்க. தம்பி எறக்கத்துல இன்ஜின அணைச்சுட்டு வந்திருக்காரு. பெட்ரோலு மிச்சம் பிடிக்கதுக்காக. அப்படிச் செய்யக் கூடாதுன்னு நான் வீட்டுக்கு வந்தே சொன்னேன். ஆனா இருபத்தாறு குடுக்கும்னு சொல்லி அந்த வண்டிய வித்தது எங்க கடை. அது பொய்க் கணக்கு. உண்மைக் கணக்குன்னா அவரு வாங்கியே இருக்கமாட்டாரு. அன்னைக்கு எந்திரிச்சுப் போனவரத் திரும்ப உக்கார வச்சது நாங்க. உங்க மருமவ இல்ல."

 அப்பா ஓரடி முன்னால் வந்தார்.

"அப்ப எம்மவன் பெட்ரோலுக்காகச் செத்தான்னு சொல்லுதீரு."

அண்ணாச்சி அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வெளிய போம்" என்றார் அப்பா. "இங்கன நிக்காதீரும்."

நாங்கள் திரும்பும்போது ஆவுடையப்பன் எழுந்து எங்களுக்கு முன்னால் வெளியே போனார். அவருடைய கார் தெருமுனையில் நின்றது. அதைக் கடந்து நடந்துபோய் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டார். பிறகு அவர் மகன் வந்து வண்டியை எடுத்துப்போனதாகக் கேள்வி.

வீட்டின் பக்கவாசலில் காந்திமதி நின்றிருந்தார். என்னைக் கையால் கூப்பிட்டார். அண்ணாச்சி தள்ளி நின்றுகொண்டார். காந்திமதி அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

"அண்ணாச்சி அன்னைக்கு வந்து சொன்னாவல்லா. அதுக்குப் பெறகு ஒரு நா நான் இவியகூட மலைக்குப் போனேன். எறங்கும்போது சாவிய அணைச்சாவ. நான் வேண்டாம்னு சொல்லல. எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா. கீழ ஆத்துச் சத்தம் கேட்டுச்சு. பிள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்னு பேசிக்கிட்டே வந்தோம். எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.  உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

பஸ்ஸில் அண்ணாச்சி, "அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார். சொன்னேன். பஸ் முன்னீர்பள்ளம் தாண்டியது.

"நாம போயி எச்சரிக்கை சொல்லிட்டோம்னு நான் கொஞ்சம் நிம்மதியா இருந்தேன் பாத்துக்க" என்றார் பிறகு. "அதுல ஒரு பிரயோசனமும் இல்ல. அவியளுக்கு மாசச் செலவு அப்படியேதான இருந்துச்சு. அத மாத்தாம வாயால சொல்லி என்ன ஆவப்போவுது."

அவர் அடுத்த நாள் கடைக்கு வந்தார். யாரிடமும் கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றினார். கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி தடுக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் பம்புசெட் விற்கும் கடை ஒன்றில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒருமுறை பார்க்கப் போனேன், இந்தப் பேச்சை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை. காந்திமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. புகுந்த வீட்டார் அவரை மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அண்ணாச்சி பேசியதால் காந்திமதிமேல் இருந்த பழி குறைந்தது என்று சிலர் சொன்னார்கள். கணபதியின் அப்பா அதிக நாள் இருக்கவில்லை; அண்ணாச்சி பேசாமல் இருந்திருந்தால் கிழவர் இன்னும் சில வருடம் உயிரோடு இருந்திருப்பார் என்றும் சிலர் சொன்னார்கள். அண்ணாச்சி செய்தது சரிதான் என்று நான் நினைக்கிறேன். அதனால் யாருக்கும் நல்லது நடந்தது என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

நான் வேலையில் இருந்தேன். வீட்டில் என் சம்பளம் தேவைப்பட்டது. ஓய்வு பெறுகிற வரை வருகிறவரிடம் நான் கேட்பேன்: எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, யார் ஓட்டுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, வண்டி இல்லாமல் இதற்கு வேறு வழி உண்டா. பிறகு அந்த ரோட்டுக்கு, அந்த ஆளுக்கு, உண்மையாகக் கிடைக்கக்கூடிய கணக்கைச் சொல்வேன். யாராவது அதைவிட அதிகம் கிடைப்பதாகச் சொன்னால், எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்பேன். இதனால் எனக்கு விற்பனை குறைந்தது. வருட முடிவில் பரிசு வாங்கியவர்கள் பட்டியலில் என் பெயர் வந்ததில்லை.

உங்கள் மேஜைக்கு முன்னாலும் ஒருநாள் அப்படி ஒருவர் உட்காருவார். உண்மைக் கணக்கில் அவருக்குக் கட்டாது. ஆனால் அவருக்கு வண்டி வேண்டியிருக்கும், அதற்கு நியாயமான காரணமும் இருக்கும். நீங்கள் ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் வாங்கிவிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். சொல்லாதீர்கள். எழுந்திருக்கிறார் என்றால் எழுந்திருக்க விடுங்கள். வாசல் வரை கூடப்போய் அனுப்பிவையுங்கள். உங்களுக்கு அந்த மாதம் ஒரு வண்டி குறையும். அவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேருவார்.